வீட்டிற்கொரு கணக்குப் பெட்டி

கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கணினி வந்துவிட்டது. நாடெங்கும் உள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்கென, ரூ. 2,516 கோடி மதிப்பீட்டிலான திட்டத்துக்கு 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன் பின்னர், ஒருவர் தூக்கவும் இயலாத தடித்த பேரேடுகளிலிருந்து கடன் கணக்கும் பங்குக் கணக்கும் திரைக்கு மாறி வருகின்றன. நெசவாளர் சங்கங்களிலும் நூல் இருப்பும் கூலிப் பட்டியலும் கணினியில் ஏறுகின்றன. வேலை விரைவாக முடிகிறது. எழுத்தரின் கையெழுத்துப் புரியவில்லை என்ற பழைய குறையும் நீங்குகிறது. இவை யாவும் வரவேற்கத்தக்கனவே.

ஆயினும், சங்கத்தின் மேசைமீது கணினி ஏறிய அதே காலத்தில், அங்கத்தினர்களின் வீடுகளிலிருந்து ஒரு பொருள் மறைந்து வருவதை நான் கண்டு வருகிறேன். மாடத்தில் விளக்கின் அருகே இருந்துவந்த கணக்கு நோட்டே அது. “எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, நாம் எதற்கு எழுத வேண்டும்?” என்று கேட்கும் அங்கத்தினர்கள் பெருகிவிட்டனர். இது நன்மைக்கன்று. சங்கத்தில் கணினி இருப்பது எவ்வளவு அவசியமோ, அவ்வளவு அவசியம் அங்கத்தினர் வீட்டிலும் தமக்கென ஒரு கணக்கு இருத்தல். அக்கணக்கை வைத்துக்கொள்ளச் சிறிய மேசைக் கணினி ஒன்று இன்று எளிய குடும்பத்துக்கும் எட்டக்கூடியதாக இருக்கிறது. அதனை எவ்வாறு தேர்ந்து, எவ்வாறு அமைத்து, எதற்குப் பயன்படுத்துவது என்பதைப் பற்றி என் கருத்தை இங்குக் கூற விழைகிறேன்.

எனக்கு நேர்ந்த பாடம்

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், கணக்குகள் அப்போதுதான் கணினிக்கு மாற்றப்பட்டிருந்த ஒரு கடன் சங்கத்தை ஆய்வு செய்தேன். தவணை தவறியோர் பட்டியல் அழகாக அச்சிடப்பட்டு என் முன் வைக்கப்பட்டது. மொத்தத் தொகையைப் பொதுப் பேரேட்டோடு ஒப்பிட்டேன். ஒரு பைசாவும் வேறுபடவில்லை. கையொப்பமிட்டேன். கையால் எழுதிய பட்டியலாக இருந்திருந்தால், பத்துக் கணக்குகளையேனும் இரசீது அடிக்கட்டையோடு வைத்துப் பார்த்திருப்பேன். அச்சிட்ட எழுத்தின் தெளிவு என்னை அயரச் செய்துவிட்டது.

இரு வாரம் கழித்து, அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு விவசாயி என்னிடம் வந்தார். அவர் ரூ. 60,000 பயிர்க்கடன் பெற்றவர். தை மாதத்தில் ரூ. 42,000-மும் பங்குனியில் ரூ. 18,000-மும் செலுத்திக் கடனைத் தீர்த்துவிட்டதாகக் கூறினார். பட்டியலிலோ ரூ. 18,000 பாக்கி நின்றது. தவணைக்குள் கட்டிய பயிர்க்கடனுக்கு நம் மாநிலத்தில் வட்டி இல்லை என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். தவணை தவறியவர் என்று பெயர் ஏறிவிட்டால் அச்சலுகை போய்விடும். அடுத்த பயிருக்குக் கடனும் கிடைக்காது. அவருக்கு அவ்வாறே மறுக்கப்பட்டிருந்தது. நாற்றங்கால் தயாராக இருக்கிறது, உரம் வாங்கப் பணமில்லை என்றார். இரசீதைக் காட்டுமாறு கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து நீட்டினார். அது வெப்பத்தால் அச்சாகும் வகைத் தாள். வெயிலிலும் வியர்வையிலும் இருந்து எழுத்து முழுவதும் மறைந்து, வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தது. “கணினியில் வரவு இல்லை ஐயா, நான் என்ன செய்ய முடியும்?” என்று கூறி அனுப்பிவிட்டேன். அச்சொற்களை இன்று நினைத்தாலும் நாணமாக இருக்கிறது.

மறுநாள் அவர் தம் மனைவியோடும் மகளோடும் வந்தார். மகளின் கையில் ஒரு தாள் இருந்தது. வீட்டில் ஒரு சிறு கணினி வைத்திருக்கிறார்கள்; அலுவலகம் ஒன்று கழித்துவிட்டதை வாங்கியதாம். தந்தை பணம் கட்டிவந்த அன்று மாலையே இரசீதைப் படம் எடுத்து அதில் சேர்த்துவைத்து, தேதி, இரசீது எண், தொகை மூன்றையும் கணக்கில் எழுதியிருக்கிறார் அப்பெண். அந்த எண்ணைக் கொண்டு தேடியதில் பத்தே நிமிடத்தில் உண்மை வெளிப்பட்டது. ரொக்கப் புத்தகத்தில் அன்று ரூ. 18,000 ஒழுங்காக வரவாகியிருந்தது. ஆனால் பக்கத்துக் குக்கிராமத்தில் அதே பெயரும் அதே தலைப்பெழுத்தும் உடைய வேறோர் அங்கத்தினரின் கணக்கில் அது ஏற்றப்பட்டிருந்தது. வரவும் சரி, மொத்தமும் சரி; ஆள் மட்டும் மாறிவிட்டார். இத்தகைய பிழையை இருப்பாய்வு காட்டாது என்பது கணக்கியலின் முதற்பாடங்களுள் ஒன்று. அதை நான் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியவன்.

இதில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. தம் கணக்கில் எதிர்பாராமல் ரூ. 18,000 குறைந்திருந்ததை அந்த மற்றோர் அங்கத்தினரும் கவனிக்கவில்லை. அவர் வீட்டில் கணக்கு இல்லை. ஒரு வீட்டில் கணக்கு இருந்தது. இரு கணக்குகள் நேராயின. விவசாயிக்குக் கடன் கிடைத்தது. கணினி யாரையும் ஏமாற்றவில்லை; கொடுத்ததை அது வைத்திருந்தது, அவ்வளவே. அதற்கு எதிரே வைத்துப் பார்க்க மற்றொரு கணக்கு வெளியில் இருந்தாலன்றிப் பிழை பிழையாகத் தோன்றாது.

தறியிலிருந்து பிறந்தது

“கணினி படித்தவர்களின் பொருள், தறிக்காரனுக்கும் ஏர்க்காரனுக்கும் அது எதற்கு?” என்று கூச்சப்படுவோர்க்கு ஒரு செய்தி. கணினியின் மூதாதையருள் ஒன்று தறியே ஆகும். பிரான்சு நாட்டு லியோன் நகரத்தில் ஜோசப் மரீ ஜக்கார்டு என்பவர் 1804-இல் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு பாவு இழைகளைத் தூக்கும் பொறியை உருவாக்கினார். துளை இருந்தால் இழை எழும், இல்லையெனில் எழாது. நம் பட்டு நெசவாளர்கள் தறிமேல் இன்றும் வைத்திருக்கும் ஜக்கார்டு பெட்டியின் தத்துவம் அதுவே. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் 1830-களில் கணக்கிடும் பொறி ஒன்றைத் திட்டமிட்டபோது, அதற்குக் கட்டளை இடுவதற்கு இதே அட்டை முறையை மேற்கொண்டார். 1890-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கைத் தொகுக்க ஹோலரித் என்பவர் துளை அட்டைகளையே பயன்படுத்தினார். ‘உண்டு’, ‘இல்லை’ என்னும் இரண்டே நிலைகளால் எல்லாவற்றையும் எழுதும் முறைதான் இன்றைய கணினிக்குள்ளும் இருப்பது. அட்டை கட்டத் தெரிந்த நெசவாளர் கணினியைக் கண்டு அஞ்சவேண்டிய காரணம் ஏதுமில்லை.

அன்று அறை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த பொறி, இன்று வெற்றிலைப் பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2005-இல் ஆப்பிள் நிறுவனம் மாக் மினி என்ற சிறு பெட்டியை வெளியிட்டது. 2012-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து, பிள்ளைகள் கணினி கற்கவேண்டும் என்னும் நோக்கத்தோடு, 35 டாலர் விலையில் ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி வெளிவந்தது. அதன் பின் பல நிறுவனங்களும் இத்தகைய சிறு பெட்டிகளைச் செய்யத் தொடங்கின. அவற்றுள் திரையும் விசைப்பலகையும் சேர்ந்திரா. பெட்டி தனி, மற்றவற்றை நாம் இணைத்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு வசதி உண்டு. ஒன்று பழுதானால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

எத்தகைய பெட்டி வேண்டும்?

வாங்குவதற்குமுன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். 2011 முதல் பள்ளி மாணவர்களுக்கு அரசு வழங்கிய மடிக்கணினி பரணில் கிடக்கக்கூடும். மின்கலம் செத்துப்போயிருந்தாலும், மின் இணைப்பிலேயே அது ஓடினால் கணக்கெழுதப் போதும். அதனைச் சீர் செய்து, மேசைக் கணினியாக வைத்துக்கொள்வது முதல் வழி. அது இயலாதெனில் வாங்கலாம்.

வீட்டுக் கணக்குக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் 8 ஜி.பி. நினைவகமும், 256 ஜி.பி. அளவுள்ள எஸ்.எஸ்.டி. வகைச் சேமிப்பகமும் உள்ள பெட்டி தாராளமாகப் போதும். கடைக்காரர் கூறும் பெரிய எண்களுக்கெல்லாம் மயங்க வேண்டியதில்லை. விளையாட்டுக்கும் திரைப்படத் தொகுப்புக்கும் வேண்டிய ஆற்றலை நாம் விலைகொடுத்து வாங்கிச் சும்மா வைத்திருப்பானேன்? ஆனால் சுழலும் தட்டுள்ள பழைய வகைச் சேமிப்பகத்தை மட்டும் தவிர்த்தல் நன்று. அது மெதுவாக ஓடுவது. தறி மிதிக்கும் அதிர்வு உள்ள வீட்டில் பழுதடையவும் கூடியது.

அலுவலகங்கள் கழித்துவிடும் சிறு பெட்டிகள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. இவற்றில் ஒன்றைக் கேட்டறிய வேண்டும். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு அதன் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமாயின், இன்டெல் செயலி பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருத்தல் வேண்டும். அதற்கு முந்திய பெட்டியானால், லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, உலகெங்கும் பல்லாயிரவர் கூடி வளர்த்த படைப்பு அது, விலை இல்லை. கணக்குப் பட்டியலுக்கும் கடிதத்துக்கும் உதவும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பும் விலையின்றியே கிடைக்கிறது. பலர் கூடிச் செய்து, யாவரும் பயன்கொள்ளும் இவ்வேற்பாடு கூட்டுறவாளர்களுக்கு அயலானதன்று. கள்ளப் பிரதி நிறுவித் தருகிறேன் என்பவரிடம் பெட்டியைக் கொடுக்க வேண்டாம். அதனோடு வேறு என்ன உள்ளே புகும் என்பதை யாரும் அறியார்.

திரைக்குப் புதுத் தொலைக்காட்சிப் பெட்டியைப் பயன்படுத்தலாம். பின்புறம் ஹெச்.டி.எம்.ஐ. துளை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 2006 முதல் அரசு வழங்கிய குழாய்வகை வண்ணத் தொலைக்காட்சிகளில் அது இல்லை. திரை தனியாக வாங்குவதானால், கண்பார்வை தளர்ந்த பெரியோர் உள்ள வீட்டுக்குச் சற்றுப் பெரியதாக வாங்குங்கள். எழுத்தை வேண்டிய அளவு பெரிதாக்கிப் படிக்கலாம் என்பது நூல் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிய நெசவாளர்க்குப் பெரிய ஆறுதல்.

எங்கே, எவ்வாறு அமைப்பது?

நெசவாளர் வீட்டில் பஞ்சுத் துகள் எங்கும் பறக்கும். கணினியின் உள்ளே காற்றாடி சுழன்று காற்றை இழுக்கும்போது துகளையும் சேர்த்து இழுக்கிறது. சில மாதங்களில் உள்ளே பஞ்சு மெத்தை ஒன்று அமைந்து, சூடு வெளியேறாமல் பெட்டி நின்றுவிடும். ஆகையால், காற்றாடி இல்லாத வகைப் பெட்டி கிடைத்தால் நலம். இல்லையெனில், தறி உள்ள கூடத்தில் வைக்காமல் உள்ளறையில் வையுங்கள்; மாதம் ஒருமுறை அணைத்து, மின் இணைப்பை எடுத்துவிட்டு, மெல்லிய தூரிகையால் காற்றுத் துளைகளைத் துடையுங்கள். துணியால் மூடி வைப்பது, ஓடும்போது கேடு. குழித்தறி உள்ள வீட்டில் தரையில் ஈரம் இருக்கும். தரையோடு வைக்காமல் பலகையில் உயர்த்தி வைக்க வேண்டும். பல பெட்டிகளைத் திரையின் பின்புறமே திருகி மாட்டலாம். அவ்வாறு செய்தால் இடமும் மிச்சம், எலிக்கும் எட்டாது.

மின்சாரத்தைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். மூன்று முனைச் செருகியில் மூன்றாவது முனை வெறும் அலங்காரமாக இருக்கும் வீடுகள் பல. நில இணைப்பு உண்மையில் இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு சோதித்த பிறகே கணினியை இணைத்தல் வேண்டும். திடீரென மின்சாரம் நின்றால் அப்போது எழுதிக்கொண்டிருக்கும் கணக்குக் கெட்டுப்போகலாம். ஒரு சிறு யு.பி.எஸ். இருந்தால், ஒழுங்காகச் சேமித்து மூடுவதற்குப் போதிய நேரம் கிடைக்கும். இச்சிறு பெட்டி ஏறத்தாழ 15 வாட்டும் திரை 20 வாட்டும் கொள்வதாக வைத்துக்கொள்வோம். நாள்தோறும் 3 மணி நேரம் ஓடினால், இரு மாதத்துக்கு 6.3 யூனிட் ஆகும். பழைய பெரிய கணினியும் திரையும் சேர்ந்து 120 வாட்டு கொண்டால் அதே நேரத்துக்கு 21.6 யூனிட் ஆகும். மின்கட்டணத்துக்கு அஞ்சிப் பின்வாங்க வேண்டியதில்லை என்பதற்காக இதைக் கூறினேன். இணையத்துக்குத் தனி இணைப்பு இல்லாவிடினும், வேண்டும்போது கைப்பேசியிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். கணக்கெழுத இணையமே தேவையில்லை.

தமிழிலேயே எழுதுக

கணினி என்றால் ஆங்கிலம் என்ற எண்ணம் அறவே நீங்க வேண்டும். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டை ஒட்டி, தமிழ்99 என்ற விசைப்பலகை முறையைத் தமிழக அரசு ஏற்றது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்தது அது. ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் அமைப்புப் பகுதியில் இதனைத் தேர்ந்துகொள்ளலாம். நாள்தோறும் அரைமணி நேரம் பயின்றால், இரண்டு மூன்று வாரங்களில் கை பழகிவிடும். அச்சும் விழுதும் பழகிய விரல்களுக்கு இது அரிதன்று.

எழுதுவது யாவும் ஒருங்குறியில் இருக்கட்டும். 2010-இல் நம் அரசு அதனை ஏற்றுக்கொண்ட பிறகும், சில சங்கங்களில் பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்த கோப்புகள் இருக்கின்றன. அவற்றை வீட்டுக் கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அங்கத்தினர் படிக்க முடியாத கணக்கை அங்கத்தினருக்குக் கொடுத்ததாகக் கருத முடியுமா?

எதற்குப் பயன்படுத்துவது?

முதற்பயன் சங்கத்தோடு உள்ள கொடுக்கல் வாங்கல் கணக்கு. தேதி, விவரம், இரசீது எண், பற்று, வரவு, நிலுவை என்னும் ஆறு பத்திகள் போதும். பணம் கட்டிய அன்றே எழுதுவது, அன்றே இரசீதைப் படமெடுத்துச் சேர்ப்பது என்ற இரண்டு பழக்கங்களே வேண்டுவன. ஆண்டுக்கு நான்கு முறை சங்கத்தின் கணக்கறிக்கையைப் பெற்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

நெசவாளர்க்கு நூல் கணக்கு உண்டு. எடுத்துக்காட்டாக ஒன்றைக் காண்போம். 48 அங்குல அகலத்தில், அங்குலத்துக்கு 80 இழை வீதம் பாவு என்றால், மொத்தம் 3,840 இழைகள். 24 கெஜ நீளப் பாவுக்கு 92,160 கெஜம் நூல் வேண்டும். 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டில் எத்தனை சிட்டம் அடங்குமோ அதுவே நூலின் நம்பர். ஆகவே 80-ஆம் நம்பர் நூலில் இப்பாவு ஏறத்தாழ 110 சிட்டம், அதாவது சுமார் 1.37 பவுண்டு, கிலோவில் 0.62 ஆகும். கஞ்சி, கழிவு, நெசவில் சுருங்கும் நீளம் ஆகியவை இதன்மேல் வரும். இவ்வாய்பாட்டை ஒருமுறை கணினிப் பட்டியலில் எழுதிவிட்டால், அகலம், இழை, நீளம், நம்பர் நான்கையும் மாற்ற மாற்ற விடை தானே வரும். வாங்கிய நூலின் எடையும், திருப்பிய சேலையின் எடையும், கழிவும் அருகருகே நின்றால், நூல் குறைவு என்று பிடித்தம் செய்யப்படும்போது நெசவாளர் தலைகுனிந்து நிற்க வேண்டியதில்லை. மாறாக, குறைவு நம் பக்கம் இருப்பின் அதுவும் தெரியவரும். நேர்மையான கணக்கு இருபுறமும் பேசும்.

விவசாயிகளுக்குப் பயிர்ச் செலவுக் கணக்கு இன்றியமையாதது. மஞ்சளோ கரும்போ பயிரிட்டவர், அறுவடை வரும்போது நடவுக்கால உழவு கூலியை நினைவில் வைத்திருப்பதில்லை. விற்ற பணம் கையில் நிற்கும்; சென்ற பணம் மறந்துபோகும்; இலாபம் என்ற தோற்றம் உண்டாகும். உழவு, விதை, உரம், களை, நீர், இயந்திர வாடகை என ஒவ்வொன்றையும் அன்றன்று எழுதி, வீட்டார் உழைத்த நாள்களையும் சேர்த்து எழுதினால்தான் ஏக்கருக்கு என்ன நின்றது என்பது தெரியும். பட்டா, சிட்டா நகல்களை இணையத்தில் பார்த்து அச்சிட்டுக்கொள்ளலாம். 2016-இல் தொடங்கிய மின்னணுத் தேசிய வேளாண் சந்தையின் தளத்தில் பிற சந்தைகளின் விலையைக் கண்டு, தம் சரக்கை என்று விற்பது என முடிவு செய்யலாம்.

“இவற்றுக்கெல்லாம் கைப்பேசி போதாதா?” என்று கேட்கலாம். இரசீதைப் படமெடுக்கவும் விலை பார்க்கவும் கைப்பேசி போதும்; மறுக்கவில்லை. ஆனால் கைப்பேசி ஒருவருடைய சட்டைப் பையில் இருப்பது. அவர் வெளியே சென்றால் கணக்கும் வெளியே செல்கிறது. மேசைக் கணினி வீட்டிலேயே இருக்கிறது. மனைவியும் மக்களும் ஒருங்கே அமர்ந்து ஒரே திரையைப் பார்க்கிறார்கள். குடும்பத்தின் கடன் எவ்வளவு என்று அக்குடும்பத்துப் பெண்கள் அறியாத வீடுகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். கணவர் காலமான பிறகு, சங்கத்தில் கடன் இருக்கிறதா, பங்கு இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா என்று எதுவும் தெரியாமல் கண்ணீரோடு வந்து நின்ற தாய்மாரையும் கண்டிருக்கிறேன். கணக்கு வீட்டின் நடுவில் இருத்தல் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதற்காரணம்.

காவலும் எச்சரிக்கையும்

ஒரே இடத்தில் உள்ள கணக்குக் கணக்காகாது. கணினி பழுதாகும்; களவு போகும்; வெள்ளம் புகும். மாதம் ஒருமுறை பென் டிரைவ் ஒன்றில் பிரதி எடுத்து, அதை வேறு வீட்டில் வையுங்கள். கடவுச்சொல்லைக் கணினியின்மேல் ஒட்டிவைக்க வேண்டாம். ஆயினும் குடும்பத்தில் மற்றொருவருக்கேனும் அது தெரிந்திருக்கட்டும்.

இணையத்தின் வழியாக வரும் வஞ்சகர்களைக் குறித்து விழிப்பாக இருத்தல் வேண்டும். ‘கணினியில் கிருமி புகுந்துவிட்டது, இந்த எண்ணை அழையுங்கள்’ என்று திரையில் தோன்றினால் அழைக்காதீர்கள். தொலைவிலிருந்து உங்கள் கணினியை இயக்க எவருக்கும் இடம் கொடாதீர்கள். ஒருமுறைக் கடவு எண்ணை வங்கியோ சங்கமோ கேட்பதில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். விரைந்து சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு மிகுதி.

மற்றொரு வேண்டுகோள். கணினிக்கென்று கடன் வாங்காதீர்கள். கைக்காசு சேரும்வரை நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் போதும். ஆறு பத்திகளை அதிலும் வரையலாம். கணக்கெழுதும் பழக்கம் இல்லாத வீட்டில் கணினி வந்தால், திரைப்படம் பார்க்கும் பெட்டியாகவே அது முடியும். ஐந்து வீட்டார் சேர்ந்து ஒன்றை வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்துவதும் நம் இயக்கத்துக்கு ஏற்ற வழியே.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

நிர்வாகக் குழுவினருக்குச் சில கூறுவேன். முதலாவதாக, மறையும் தாளில் இரசீது கொடுப்பதை நிறுத்துங்கள். அல்லது இரசீது எண்ணையும் தொகையையும் பாஸ் புத்தகத்தில் கையால் எழுதிக் கையொப்பமிடுங்கள். இரண்டாவதாக, காலாண்டுதோறும் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் அவருடைய கணக்கறிக்கையைத் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். கேட்டால் தருவோம் என்று காத்திருக்க வேண்டாம்; அங்கத்தினர் தம் கணக்கைக் காண்பது உரிமை. மூன்றாவதாக, அங்கத்தினர் பலர் வேண்டுவராயின், கணினிகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து விலையைக் குறைத்துத் தாருங்கள். நூலையும் உரத்தையும் அவ்வாறுதானே வாங்குகிறோம்? நான்காவதாக, வீட்டுக் கணக்கின் பிரதிகளை முத்திரையிட்ட உறையில் வைத்துக் காக்கச் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் ஒரு தட்டை ஒதுக்குங்கள். ஐந்தாவதாக, வாரத்தில் ஒரு மாலை, சங்கக் கட்டடத்தில் கணக்கெழுதும் பயிற்சி நடத்துங்கள். 1995-இல் சர்வதேசக் கூட்டுறவு ஒன்றியம் வகுத்த ஏழு கோட்பாடுகளுள் கல்வியும் பயிற்சியும் ஐந்தாவதாக அமைந்துள்ளன. மகாசபை அறிக்கையில் ஒரு பத்தியாக மட்டும் அக்கோட்பாடு நின்றுவிடலாகாது.

என்னைப் போன்ற ஆய்வாளர்களும் ஒன்று செய்யவேண்டும். அச்சிட்ட பட்டியலைக் கண்டு அயர்ந்துவிடாமல், ஆய்வுதோறும் சில அங்கத்தினர்களையேனும் நேரில் கண்டு, அவர் கையில் உள்ள கணக்கோடு சங்கக் கணக்கை ஒப்பிடவேண்டும். அந்த விவசாயி வெறுந்தாளோடு திரும்பிச் சென்ற நாளுக்குப் பிறகு நான் அவ்வாறே செய்து வருகிறேன். ஒப்பிடுவதற்கு வீட்டில் ஒரு கணக்கு இருக்கும்போது வேலை எளிதாகிறது. இல்லாத வீடுகளில் நான் செய்யக்கூடியது மிகச் சிறிது.

1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தபோது, கந்துவட்டிக்காரரின் நோட்டில் மட்டும் இருந்த கடன் கணக்கு, குடியானவரே அங்கமாயுள்ள சங்கத்தின் பேரேட்டுக்கு வந்தது. அது பெரிய மாற்றம். அப்பேரேடு இப்போது கணினிக்குள் சென்றிருக்கிறது. அங்கத்தினர் வீட்டிலும் அதற்கு இணையான கணக்கு ஒன்று எழுதப்படுமாயின், சங்கம் நம்முடையது என்று நாம் சொல்லிக்கொள்வதற்குப் பொருள் இருக்கும். வரும் தவணை கட்டும் நாளிலேயே அதைத் தொடங்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.